அன்றாட மன அழுத்தம்: உடலில் முதலில் தெரியும் அறிகுறிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடன் தவணை நெருங்கும் மாதக் கடைசி, பிள்ளைகளின் தேர்வுக் காலம், அலுவலகத்தில் கெடு வைத்துக் கொடுக்கப்பட்ட வேலை, வீட்டில் பேசி முடியாமல் நிற்கும் ஒரு மனத்தாங்கல் ஆகியவை நம்மை வாட்டுகின்றன என்பதை மனம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே உடல் காட்டிக்கொடுத்துவிடுவது வழக்கம். அந்தத் தொடக்க அறிகுறிகளைக் கண்டுகொள்வது, அவை தெரிந்ததும் செய்யக்கூடியது, அவற்றை வேறு நோயிலிருந்து பிரித்தறிவது ஆகியவை குறித்து வரும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இது பொதுவான தகவலே; நேரில் பார்த்து மருத்துவர் சொல்வதற்கு இது மாற்றாகாது.

மன அழுத்தம், இரத்த அழுத்தம், மனச்சோர்வு எல்லாம் ஒன்றுதானா?

மூன்றும் வேறு வேறு. பேச்சு வழக்கில் 'பிரஷர்' என்ற ஒரே சொல்லை முதல் இரண்டுக்கும் வழங்குவதாலும், செய்தித்தாள்கள் மனச்சோர்வு நோயையும் 'மன அழுத்தம்' என்றே எழுதுவதாலும் இந்தக் குழப்பம் நீடிக்கிறது. இரத்த அழுத்தம் என்பது இரத்தக் குழாய்ச் சுவரின் மீது இரத்தம் செலுத்தும் விசை; அதைக் கருவியால் அளந்து எண்ணாகச் சொல்லலாம். நம் முன் நிற்கும் பொறுப்பு நம்மால் ஈடுகொடுக்க முடிந்ததைவிடப் பெரியது என்று தோன்றும்போது உடலும் மனமும் கொள்ளும் விறைப்பு நிலையே மன அழுத்தம். மனச்சோர்வு என்பதோ, இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தே இருந்து, பிடித்தவற்றிலும் நாட்டம் அற்றுப்போகும் ஒரு நோய். அதற்கு முறையான சிகிச்சை உண்டு.

மன நெருக்கடியின்போது இரத்த அழுத்தம் தற்காலிகமாக உயரும் என்பது உண்மை. ஆனால் 'நான் நிதானமான ஆள், எனக்கு பிரஷர் வராது' என்று எண்ணுவது தவறு. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

கவலை மனத்தில் இருக்க, உடம்பு ஏன் படாத பாடு படுகிறது?

இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் 'மெய்ப்பாடு' என்றே பெயரிட்டு, அதற்குத் தனி இயல் வகுத்திருக்கிறது. 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது', 'நெஞ்சு அடைக்கிறது', 'கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை' என்று நாம் சொல்பவை எல்லாம் மனநிலையை உடலின் மொழியில் சொல்லும் தொடர்கள்தாம்.

இன்றைய உடலியல் இதை இவ்வாறு விளக்குகிறது. ஆபத்து என்று மூளை கணித்த நொடியில், நம் விருப்பத்தைக் கேட்காமலே இயங்கும் தானியங்கி நரம்பு மண்டலத்தின் ஒரு கிளை விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் மாறுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, எச்சில் குறைந்து நாக்கு உலர்கிறது. சில நிமிடங்கள் கழித்து கார்ட்டிசால் என்ற இயக்குநீரும் கூடி, சர்க்கரையை இரத்தத்துக்குக் கொண்டுவந்து, இந்த ஆயத்த நிலையை நீட்டித்துத் தருகிறது. துரத்தும் விலங்கிடமிருந்து ஓடவோ எதிர்த்து நிற்கவோ இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. ஆனால் வங்கியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பிலிருந்து ஓடவும் முடியாது, அதோடு மல்லுக்கட்டவும் முடியாது. ஆயத்தமான உடல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறது. நாம் உணரும் தொந்தரவுகளில் பெரும்பகுதி, செலவாகாமல் உடலில் தங்கிவிட்ட இந்த ஆயத்தமே.

பொறியியலில் வழங்கிய 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை உயிர்களின் உடலுக்குப் பொருத்திப் பரவச் செய்தவர் ஹான்ஸ் செலி. கனடாவின் மான்ட்ரியால் நகரில் எலிகளை ஆராய்ந்துவந்த அவர், குளிர், காயம், நஞ்சு என்று துன்பம் எதுவானாலும் உடல் ஏறக்குறைய ஒரே விதமாக எதிர்வினை செய்வதைக் கண்டு 1936இல் எழுதினார்.

தொடக்க அறிகுறிகள் எவை? எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்குமா?

இருக்காது. அறிகுறிகள் பலவாக இருந்தாலும், ஒவ்வொருவருக்கும் அவற்றில் ஒன்றிரண்டே எப்போதும் முதலில் தலைகாட்டும். அந்த ஒன்றிரண்டு எவை என்று தெரிந்துகொள்வதுதான் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தருவது.

பலருக்கு அது தாடையில் தொடங்குகிறது. சும்மா இருக்கும்போது உதடுகள் மூடியிருந்தாலும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடாமல் சற்று விலகியே இருக்க வேண்டும். இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் பற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். (இதை எழுதுகையில் என் பற்கள் ஒட்டித்தான் இருந்தன.) இரவில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள் காலையில் காதோரம் வலியோடும் கன்னத் தசையில் அசதியோடும் எழுவார்கள், காது வலி என்று போய், காதில் ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்புபவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான்.

வேறு சிலருக்குத் தோள். ஏற்றுமதிக் கெடு நெருங்கும் வாரத்தில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவருக்கும், கணினி முன் இருப்பவருக்கும், நெரிசலில் பேருந்து ஓட்டுபவருக்கும் தோள்கள் தம்மை அறியாமல் காதை நோக்கி ஏறிவிடுகின்றன. மாலையில் கழுத்தின் பின்புறம் பலகை போல இறுகியிருக்கும். தலையணையையும் நாற்காலியையும் மாற்றிப் பார்த்துவிட்டு, வேலை முடிந்த வாரத்தில் வலி தானே போய்விட்டதைக் கவனிக்காதவர்கள் பலர்.

மூச்சில் தெரியும் அறிகுறி மிக நுட்பமானது. ஆகவே மிக எளிதில் தவறிப்போவது. அடிக்கடி பெருமூச்சு வருவது, பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்குத் தவிப்பது, செய்தியொன்றைப் படிக்கையில் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போன்றவை இதில் அடங்கும். ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அந்த எண்ணிக்கை உயர்ந்து, வயிறு அசையாமல் நெஞ்சின் மேற்பகுதி மட்டும் ஏறி இறங்குமானால் உடல் ஆயத்த நிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இவை தவிர, தொண்டையில் உருண்டை போல எதுவோ நிற்கும் உணர்வு, இமைத் துடிப்பு, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது, உள்ளங்கை ஈரமும் குளிர்ச்சியும், அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்து பிறகு உறக்கம் பிடிக்காமை, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் ஆகியவையும் உண்டு. தொண்டையில் உருண்டை போன்ற உணர்வு சாப்பிடும்போது மறைந்து, சும்மா எச்சில் விழுங்கும்போது தெரிந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. உணவே விழுங்க முடியாமல் சிக்கினால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எனக்கு எதற்கெடுத்தாலும் வயிறுதான் கலக்குகிறது. குடல் புண் வந்துவிடுமா?

இரைப்பையும் குடலும் மனத்தின் போக்கை உடனே உணரும் உறுப்புகள். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், 1890களின் இறுதியில், பூனைகளுக்கு, எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரியும் பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பு கலந்த உணவைக் கொடுத்து, அப்போதுதான் புதிதாக வந்திருந்த எக்ஸ்ரே கருவியால் இரைப்பையின் அசைவைப் பார்த்துவந்தார். பூனை மிரண்டாலோ சினந்தாலோ இரைப்பையின் அசைவு அப்படியே நின்றுபோவதையும், அமைதியானதும் மீண்டும் தொடங்குவதையும் அவர் கண்டார். நெருக்கடியில் பசி எடுக்காமல் வயிறு மந்தமாக இருப்பது இதனால்தான். அதே நேரத்தில் பெருங்குடலின் இயக்கம் முடுக்கிவிடப்படுவதால், நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும்போது இரண்டு முறை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

ஆனால் 'கவலைப்பட்டால் அல்சர் வரும்' என்ற பழைய நம்பிக்கையைத் திருத்திக்கொள்வது நல்லது. இரைப்பைப் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும், வலி நிவாரண மாத்திரைகளும்தாம் காரணம். அந்தப் பாக்டீரியாவின் பங்கைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்களான பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. நெருக்கடி மிகுந்த நாட்களில் தலைவலிக்கும் கழுத்து வலிக்கும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொள்பவர்கள், கவலை செய்யாத கேட்டை அந்த மாத்திரையால் தேடிக்கொள்கிறார்கள். மலம் கருமையாகப் போவது, காரணமின்றி எடை குறைவது, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வயிற்று வலி ஆகியவற்றை மன அழுத்தம் என்று தள்ளிவிடக் கூடாது.

இந்தத் தலைவலி அழுத்தத்தால் வருவதா, ஒற்றைத் தலைவலியா?

தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியது போல இரு பக்கமும் அழுத்தும் வலி, அன்றாட வேலையைச் செய்யவிடும் அளவுக்கு மட்டும் இருக்குமானால், அது பெரும்பாலும் தசை இறுக்கத்தோடு தொடர்புடைய தலைவலி. ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் ஒரு பக்கமாக, நாடித் துடிப்பு போல விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டல் இருக்கும், வெளிச்சமும் ஓசையும் தாங்காது, படியேறினால் கூடும். இதையும் மன அழுத்தம் தூண்டிவிடலாம் என்பதால், காரணத்தைக் கொண்டு பிரிக்காமல் வலியின் குணத்தைக் கொண்டு பிரிப்பதே சரி. வாழ்வில் இதுவரை கண்டிராத கடும் வலி திடீரென வெடித்தாற்போல் வந்தாலோ, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவை சேர்ந்தாலோ அது அவசர நிலை.

நெஞ்சு படபடக்கிறது, அழுத்துகிறது. இது பதற்றமா, மாரடைப்பா?

இந்தப் பக்கத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய விடை இது. பதற்றத்தால் வரும் படபடப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, அரைமணி நேரத்துக்குள் தணியத் தொடங்கும். விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பு இருக்கலாம். மாரடைப்பில் நெஞ்சின் நடுவே பாரம் ஏற்றி வைத்தது போன்ற அழுத்தம் தோன்றி, இடது கை, தாடை, முதுகு, மேல் வயிறு என்று பரவலாம். குளிர்ந்த வியர்வையும் வாந்தியும் மூச்சுத்திணறலும் சேரலாம். நடந்தாலோ படியேறினாலோ வந்து, நின்றால் குறையும் நெஞ்சு வலியும் இதயத்தின் எச்சரிக்கையே.

இவ்வளவு சொன்ன பிறகும் வீட்டிலிருந்தபடியே இரண்டையும் உறுதியாகப் பிரித்துவிட முடியாது என்பதே உண்மை. பெண்களுக்கும் முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் அசதியாகவும் மூச்சு வாங்கலாகவும் மாரடைப்பு வந்துவிடுவதும் உண்டு. 'வாயுப் பிடிப்பு' என்று பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் நம்மில் பலருடைய வீட்டில் உண்டு. அந்தக் காத்திருப்பில் இதயத் தசை அழிந்துகொண்டிருக்கக்கூடும். ஐயம் எழுந்தால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற அவசர ஊர்தி எண்ணை அழையுங்கள். மருத்துவமனைக்குப் போய், ஒன்றுமில்லை, பதற்றம்தான் என்று தெரிந்து திரும்புவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முதல் ஈசிஜி இயல்பாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மீண்டும் எடுக்கவும் இரத்தப் பரிசோதனை செய்யவும் மருத்துவர் சொன்னால், இருந்து முடித்துவிட்டே வீடு திரும்புங்கள்.

எனக்குக் கவலை என்று எதுவும் இல்லை. ஆனாலும் இந்த அறிகுறிகள் எல்லாம் இருக்கின்றனவே?

அப்படியானால் மன அழுத்தம் என்று முடிவுகட்டுவதற்கு முன் வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும். முதலில் இரத்தசோகை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். படபடப்பு, மூச்சு வாங்குதல், அசதி, தலைசுற்றல் ஆகிய நான்கும் அதன் அறிகுறிகள். அந்த நான்கையும் வைத்து 'டென்ஷன் பார்ட்டி' என்று பெயர் வாங்கிய பெண்கள் ஏராளம். தைராய்டு மிகையாகச் சுரந்தால் கை நடுக்கமும் படபடப்பும் வியர்வையும் எடை குறைவும் வரும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்தால் வரும் நடுக்கமும் வியர்வையும் பதற்றம் போலவே இருக்கும். அப்போது முதலில் வேண்டியது சர்க்கரை, பிறகுதான் மற்றவை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்புட்டமால் மருந்தும் படபடப்பைத் தரும். மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் மாற்றங்களையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

முதல் அறிகுறி தெரிந்த உடனே என்ன செய்வது?

பெரிதாக எதுவும் வேண்டாம். ஆனால் உடனே செய்ய வேண்டும். இறுக்கம் இரண்டு மணி நேரம் முற்றிய பிறகு செய்யும் அரைமணிப் பயிற்சியைவிட, அது தொடங்கும்போதே செய்யும் இரண்டு நிமிடச் செயல் எளிதில் பலன் தரும்.

மூச்சிலிருந்து தொடங்கலாம். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவதும் உள்ளிழுக்கும்போது சற்றுக் கூடுவதும் இயற்கை. ஆகவே வெளிமூச்சை நீட்டினால், உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது. மூக்கால் 4 எண்ணும் வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சு வரும். இரண்டு மூன்று நிமிடம் போதும். இழுக்கும்போது வயிறு புடைக்க வேண்டும், தோள் ஏறக் கூடாது. எண்ணிக்கை உங்களைத் திணறவைத்தால் எண்ணுவதை விட்டுவிட்டு, சூடான காபியை ஊதி ஆற்றுவது போல உதட்டைக் குவித்து நிதானமாக விட்டாலே போதும்.

தசை இறுக்கம் முதலில் வருபவர்களுக்கு, அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்து 1929இல் நூலாக வெளியிட்ட முறை பொருந்தும். 'தளர்த்து' என்று சொன்னால் இறுகிய தசைக்கு எப்படித் தளர்வது என்று தெரிவதில்லை. ஆகவே முதலில் வேண்டுமென்றே இறுக்க வேண்டும்: கைகளை 5 நொடி இறுக மூடி, சட்டென்று விட்டு, தளர்ச்சி பரவுவதை 15 நொடி கவனிக்க வேண்டும். பிறகு தோள், முகம், வயிறு, கால் என்று தொடரலாம். பேருந்தில் உட்கார்ந்தபடியே யாருக்கும் தெரியாமல் தோளையும் கால் விரல்களையும் மட்டும் செய்துகொள்ளலாம். கழுத்து எலும்புத் தேய்மானமோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மிக வலுவாக இறுக்க வேண்டாம்.

படபடப்பும் பரபரப்பும் முதலில் வருபவர்களுக்கு மூச்சைவிட நடை நல்லது. ஓடுவதற்காகத் திரட்டிய ஆற்றலை உடல் எப்படியாவது செலவழிக்க விரும்புகிறது. மொட்டை மாடியில் பத்து நிமிடம் வேகமாக நடப்பதும், மாடிப்படியை இரண்டு முறை ஏறி இறங்குவதும், துணி துவைப்பதும் அதற்குப் போதுமானவை.

மூச்சுப் பயிற்சி செய்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஏன்?

'ஆழமாக மூச்சு விடுங்கள்' என்ற அறிவுரையைப் பலர் 'நிறைய மூச்சு விடுங்கள்' என்று புரிந்துகொள்வதே காரணம். பெரிய மூச்சுகளை விரைவாக விட்டால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறி, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், விரல்கள் மரமரக்கும். அளவைக் குறைத்து, வேகத்தையும் குறையுங்கள். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சு விடும் பழைய முறை வேண்டாம்; ஆஸ்துமாவாகவோ இதய நோயாகவோ இருந்தால் அது ஆபத்தாக முடியும்.

காபியை விட்டுவிட வேண்டுமா?

தேவையில்லை, நேரத்தை மாற்றினால் பெரும்பாலும் போதும். உடலில் சேர்ந்த கஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது கூடக் குறைய இருக்கும். மாலை 5 மணிக்குக் குடித்த டிகிரி காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கிறது. நெருக்கடியான நாளில் நான்காவது, ஐந்தாவது குவளையைத் தேடுகிறோம். அது தரும் படபடப்பையும் நெருக்கடியின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலி வரும் என்பதால் படிப்படியாகக் குறையுங்கள். இரத்தசோகை உள்ளவர்கள் உணவோடு சேர்த்து தேநீரோ காபியோ குடிப்பதையும் தவிர்க்க வேண்டும். உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதை அவை குறைக்கின்றன.

நெருக்கடி தீர்ந்து மூன்று மாதம் ஆனபிறகு முடி கொட்டுகிறதே?

அதுவே அதன் இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், பெரும் மனத்துயர் ஆகியவற்றின்போது பல முடிவேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிர்கின்றன. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது வழக்கமானதே. வேர் அழியாததால், காரணம் நீங்கியிருந்தால், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மீண்டும் வளரும். வட்டவட்டமாகக் கொட்டினால் அது வேறு நோய்.

பள்ளிக்குப் போகும் நேரத்தில் மட்டும் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது. நடிக்கிறானா?

பெரும்பாலும் இல்லை. மனத்தில் இருப்பதைச் சொல்லச் சொற்கள் கைவராத வயதில், வயிறுதான் பேசுகிறது. அந்த வலி உண்மையான வலி. ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் திங்கள் காலையில் மட்டும் வருவதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பிள்ளையை மடக்காமல், பள்ளியில் யாரோடு உட்காருகிறான், எந்தப் பாடவேளைக்கு அஞ்சுகிறான், கழிவறைக்குப் போக முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். காய்ச்சல், வாந்தி, எடை குறைவு, உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கைக்கடிகாரம் காட்டும் 'ஸ்ட்ரெஸ்' எண்ணை நம்பலாமா?

அந்தக் கருவிகள் மனத்தை அளப்பதில்லை. அடுத்தடுத்த இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேர வேறுபாட்டை வைத்துக் கணிக்கின்றன. காய்ச்சல், மது, உறக்கமின்மை, வெயிலில் நடந்தது ஆகியவையும் அந்த எண்ணை மாற்றும். பல வாரங்களின் போக்கைப் பார்க்க உதவும். ஒரு நாளின் எண்ணைப் பார்த்து அஞ்சுவது புதிதாக ஒரு கவலையை விலைக்கு வாங்குவதாகும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்? போனால் என்ன சொல்வது?

அறிகுறிகள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உறக்கம், உணவு, வேலை ஆகியவற்றைக் குலைத்தாலோ, மதுவையோ தூக்க மாத்திரையையோ நாடவைத்தாலோ போக வேண்டும். முதலில் பொது மருத்துவரிடம் போவதே முறை. இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்த பிறகு தேவையானால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மனஸ் என்ற தொலைபேசி மனநல சேவையின் 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் தமிழில் பேசலாம்.

மருத்துவரிடம் 'ஒரே டென்ஷன், உடம்பெல்லாம் வலி' என்று சொன்னால் அவரால் அதிகம் செய்ய இயலாது. போவதற்கு முன் ஒரு வாரம், நாட்காட்டித் தாளின் பின்புறத்திலாவது குறித்துவையுங்கள்: எந்த அறிகுறி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எதனால் தணிந்தது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கியவை உட்பட, மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.